வலது கைக்கு ஒரு ஒயர்

பியானோவை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று டீச்சர் சொன்னபோது அவர் கணவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஓட்டின் கடைசிச் சில்லு நகத்தடியில் ஏறிக்கொண்டது. அதை எடுப்பதிலேயே கண்ணாக இருந்தார்.

"காதுல விழுந்துதா?"

"விழுந்துது."

"எங்கிட்ட கத்துக்கிட்டு இருந்தாளே ஒரு பொண்ணு, கன்னத்துல மச்சம்… அவங்க அம்மா கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? சொல்லிட்டுத்தான் என்னைக் கேக்குறியா?"

"கேக்கல. சொல்றேன்."

அவர் முட்டையை நாலாக வெட்டி, உப்பு தூவி, தட்டை டீச்சரின் இடது கைப் பக்கம் நகர்த்தி வைத்தார். மூன்று மாதமாகத் தட்டு இடது பக்கம்தான் போகிறது.

எங்கள் தெருவில் அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எரிந்துபோனால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம், அதனால் மோட்டார்க்காரர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கருகின செப்புக் கம்பியை வெட்டி உருவி எடுத்துவிட்டு, புதுக்கம்பியைச் சுற்று எண்ணி ஏற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார். சோற்றில்கூட வார்னிஷ் வாசனை அடிக்கும் என்று டீச்சர் சொல்லிச் சிரிப்பார். உள்ளறையில் டீச்சரின் பியானோ. உள்ளே தந்தி கட்டின பெரிய மரப்பெட்டி இல்லை அது. கரண்டில் ஓடுகிற டிஜிட்டல் பியானோ. கட்டைகள் மட்டும் எண்பத்தெட்டும் உண்டு. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஹெட்போன் மாட்டிக்கொண்டால் வெளியே ஒன்றுமே கேட்காது. முன்னறையில் கிரைண்டர் கத்தும்போது டீச்சர் ஹெட்போனுக்குள் போய்விடுவார். உள்ளறையில் பிள்ளைகள் பாடம் படிக்கும்போது இவர் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கம்பி சுற்றுவார். இருபத்தேழு வருஷக் குடித்தனம், ஒருத்தருக்கொருத்தர் ஒதுங்கி வழிவிட்டே ஓடியிருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் தபாலாபீஸுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் குழந்தைகளுக்கு நடன வகுப்பு. நடத்துகிறவரை டான்ஸ் மிஸ் என்பார்கள். அங்கே கிடந்த பழைய டிஜிட்டல் பியானோவில் வாசிப்பது டீச்சர். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. வாசிப்பின் நடுவே மேல்பக்கத்துச் சத்தம் நின்றுபோனது. கீழ்ப்பக்கம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. டான்ஸ் மிஸ் திரும்பிப் பார்த்தபோது டீச்சர் நேராக உட்கார்ந்து இடது கையால் வாசித்துக்கொண்டுதான் இருந்தாராம். வலது கை மடியில் கிடந்தது. அது அங்கே கிடப்பதே அவருக்குத் தெரியவில்லை.

மூளைக்குப் போகிற ரத்தம் அடைபட்டிருக்கிறது என்றார் டாக்டர். முதலில் பேச்சு திரும்பியது. அப்புறம் ஊன்றுகோலோடு, வலது காலை இழுத்து இழுத்து ஒரு நடை. கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தூக்கலாம், இறக்கலாம், அவ்வளவுதான். ஐந்து விரலும் மடங்கி ஒரு முஷ்டியாக நின்றுவிட்டன. பயிற்சி கொடுக்க வந்த பெண் பிளாஸ்டிக் குவளைகளை மேசையில் வரிசையாக வைத்து, அந்தக் கையால் தள்ளச் சொன்னார். டீச்சர் நாலு நாள் தள்ளினார். ஐந்தாவது நாள், "குவளையைத் தள்ளிப் பழகி நான் என்ன பண்ணப்போறேன்?" என்று கட்டிலில் போய்ப் படுத்துவிட்டார். பிள்ளைகளுக்குப் பாடம் நின்றது. உள்ளறைக் கதவு சாத்தியே கிடந்தது.

பியானோவைக் கொடுத்துவிடலாம் என்று டீச்சர் சொன்ன மறுநாள், அந்த மச்சக்காரப் பெண்ணின் அம்மா போன் பண்ணினார். மோட்டார்க்காரர்தான் எடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும் சார். பாப்பா இனிமே கம்ப்யூட்டர்ல பாத்துதான் கத்துக்கப்போறா. அந்தப் பியானோ கம்ப்யூட்டரோட சேருமா?"

"சேருமான்னா?"

"ஒயர் போட்டுச் சேக்கணுமாம். இவ எந்தக் கட்டையை அழுத்துறான்னு அதுக்குத் தெரியணுமாம்."

"பாத்துச் சொல்றேம்மா."

ஒயர் என்று காதில் விழுந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. உள்ளறைக் கதவைத் திறந்து, டார்ச் அடித்துப் பியானோவின் முதுகைத் தடவினார். சதுரமாக ஒரு ஓட்டை அகப்பட்டது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்து, மகள் கல்யாணமாகிப் போகும்போது அலமாரி மேல் விட்டுப்போன பிரிண்டரை இறக்கினார். அதிலும் அதே ஓட்டை. பிரிண்டர் ஒயரை உருவி ஒரு முனையைப் பியானோவிலும் மறு முனையை மகளுடைய பழைய லேப்டாப்பிலும் சொருகினார். லேப்டாப் ஒரு மணியடித்துப் பியானோவை அடையாளம் கண்டுகொண்டது.

அதற்கு மேல் தெரியவில்லை. ஒயர்த் தம்பிக்கு போன் போட்டார். விசேஷங்களில் வாசிக்கிற குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறவர் அவர். கழுத்தில் எப்போதும் ஒரு ஒயரைச் சுருட்டி மாட்டிக்கொண்டே திரிவதால் அந்தப் பெயர். அவருடைய ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மரை மோட்டார்க்காரர் மூன்று தடவை சுற்றிக் கொடுத்திருக்கிறார். என்ன புரோகிராம் ஏற்ற வேண்டும், எங்கே தட்ட வேண்டும் என்று தம்பி போனிலேயே சொல்லச் சொல்ல, இவர் ஒற்றை விரலால் தட்டி முடித்தார்.

பிறகு வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினார்.

படுக்கையறையிலிருந்து சத்தம் வந்தது. "எதுக்கு ரெண்டு தடவை அடிக்கிறீங்க?"

"ஒரு தடவைதான் அடிச்சேன்."

"எங்கிட்டயேவா? ரெண்டு கேக்குது. ரெண்டாவது கொஞ்சம் பிந்தி வருது."

இன்னொரு கட்டையை அழுத்திப் பார்த்தார். அவருக்கு ஒன்றுதான் கேட்டது. மறுபடி அழுத்தினார்.

"ஐயோ, நிறுத்துங்களேன்! பல்லு கூசுது!"

கட்டில் முனகியது. ஊன்றுகோல் தரையில் தட்டுகிற சத்தம், கால் இழுபடுகிற சத்தம். மூன்று மாதத்துக்கு அப்புறம் டீச்சர் உள்ளறை வாசலில் வந்து நின்றார். தலைமுடி ஒரு பக்கமாக ஒட்டியிருந்தது. கோபத்தில் முகம் சிவந்திருந்தது. அந்தக் கோபத்தைப் பார்க்க மோட்டார்க்காரருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கம்ப்யூட்டரோட சேத்துப் பாத்தேன். அந்தம்மா கேட்டாங்க."

டீச்சர் நாற்காலியை ஊன்றுகோலால் தள்ளி உட்கார்ந்து, இடது கையால் ஒரே ஒரு கட்டையை அழுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பியானோ தன் பாட்டுக்கு ஒரு தடவை சொல்லுது. கம்ப்யூட்டரும் அதையே வாங்கி இன்னொரு தடவை சொல்லுது. ரெண்டு பேரும் ஒரே வாயில பேசுறாங்க. ஒருத்தர் வாயை மூடணும்."

"யார் வாயை மூடுறதுன்னு தம்பியைத்தான் கேக்கணும்."

"கேளுங்க. இப்படியே குடுத்தா அந்தப் பொண்ணு காது கெட்டுப்போயிடும்."

பேசிக்கொண்டே அவர் இடது கை கீழ்க்கட்டைகளில் மெல்ல நடந்தது. லேப்டாப் திரையில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சின்ன நீலக் கோடு விழுந்தது. அழுத்தி அடித்தால் அடர் நீலம், தொட்டால் வெளிர் நீலம். மோட்டார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். டீச்சரின் இடது கை வலது பக்கம் வரைக்கும் எட்டி, மேல் கோடியில் எதையோ கிடுகிடுவென்று வாசித்தது. திரையின் உச்சியில் பொடிப்பொடியாகக் கோடுகள் சிதறின.

"இதென்ன, மேல ஏதோ ஓடுது?"

"நான் வாசிச்சதுதான்."

"இது என்ன சத்தம்?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "கேக்கலையா?"

அவர் காதுமடலைச் சொறிந்தார். "டொக் டொக்னு ஏதோ மரத்துல தட்டுற மாதிரி இருக்கும். கிரைண்டர் சத்தத்துல போயிருச்சு அது. ரொம்ப வருஷமாச்சு."

"ரொம்ப வருஷம்னா?"

"நம்ம பொண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்துலேர்ந்து இருக்கும்."

"அப்ப ஒவ்வொரு ஆண்டுவிழாவுலயும் கூட்டத்துல உக்காந்து அந்தத் தலையாட்டு ஆட்டுவீங்களே?"

"உன் முகத்தைப் பாத்து ஆட்டுவேன். நீ கண்ணை மூடினா நல்ல இடம்னு தெரியும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைக்க வலது கையைத் தூக்கினார். முஷ்டி கன்னத்தில் இடித்தது. மோட்டார்க்காரர் துண்டை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சின்னக் கோடுகளை மட்டும் திரையில் முன்னும் பின்னும் நகர்த்தி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் மனைவி இவ்வளவு வாசித்திருக்கிறாளே என்று இருந்தது.

அடுத்த நாள் காலை ஒயர்த் தம்பி வந்தார். வெளியே தூறல். கழுத்து ஒயரைக்கூடக் கழற்றாமல் பியானோவில் இரண்டு பொத்தானை அழுத்தினார். "இப்ப வாசிங்க அண்ணி." ஒரே சத்தம், சுத்தமாக.

"பியானோவோட சொந்த வாயை மூடிட்டேன். இப்போ கட்டை வெறும் கட்டைதான். சேதி ஒயர்ல போகுது, கம்ப்யூட்டர் அதை வாங்கித் திரும்ப பியானோ வாய்க்கே அனுப்புது."

"சத்தம் ஒயர்ல போகலையா?" என்றார் டீச்சர்.

"சத்தமே போகாது அண்ணி. எந்தக் கட்டை, எப்போ தொட்டீங்க, எவ்வளவு பலமா, எப்போ விட்டீங்க. இந்த நாலு சேதிதான் போகும்."

"தொட்டது மட்டும்தான் போகுதா?"

"தொட்டது மட்டும்தான்."

டீச்சர் அந்தப் பிரிண்டர் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டியும் டீயும் வந்தன. டீயை உறிஞ்சிக்கொண்டே தம்பி பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். ஒரு கையாலேயே இரண்டு கைப்பாட்டும் பதியலாம். முதலில் இடது கையின் பங்கை வாசித்து வைத்துக்கொள்ள வேண்டியது, பிறகு வலது கையின் பங்கை அதே இடது கையால் மெதுவாக வாசிக்க வேண்டியது, கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். டீச்சர் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். ஆனால் தம்பி போன பிறகு, "அந்தப் புரோகிராமைத் திறந்து வைங்க, சும்மா பாக்கலாம்," என்றார்.

சும்மா பார்ப்பது மூன்று நாள் போனது. குழந்தைகள் முதலில் ஆடுகிற சின்னப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். இடது கையின் பங்கு ஒரே மூச்சில் முடிந்தது. வலது கையின் பங்குக்கு உடம்பையே திருப்பி உட்கார வேண்டியிருந்தது. பழகாத விரல்கள் பழகாத ஊரில் வீடு தேடுகிற மாதிரி தடுமாறின. மோட்டார்க்காரர் பட்டறைக்கும் உள்ளறைக்கும் நடந்தார். ஒரு சுருள் சுற்றுவார், வந்து பதிவுப் பொத்தானை அழுத்துவார், போவார். வார்னிஷ் காய்கிற நேரத்தில் கஞ்சி வைத்தார். இரண்டாவது நாள் அடிபிடித்துவிட்டது. டீச்சர் கவனிக்காமலே சாப்பிட்டார்.

இரண்டையும் சேர்த்து ஓட்டியபோது டீச்சரின் நெற்றி சுருங்கியது.

"இது நான் இல்ல."

"நீ வாசிச்சதுதானே?"

"ஒவ்வொண்ணும் கோடு போட்டு நிறுத்தின மாதிரி நிக்குது. நான் இங்க ஒரு துளி தயங்குவேன். பசங்க கால் மேல இருக்கும் அப்போ."

இவர் திரையைத் துழாவினார். தடுமாற்றம் தெரியக் கூடாது என்று இவரே ஒரு பொத்தானை அழுத்தி, எல்லாக் கோடுகளையும் நூல் பிடித்தாற்போல் நேராக்கி வைத்திருந்தார். குற்றவாளி மாதிரி அதை எடுத்துவிட்டார். கோடுகள் மறுபடி கொஞ்சம் முன்னே பின்னே சாய்ந்து நின்றன. தடுமாறின இடங்களை மட்டும் டீச்சர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டிய அந்த அம்மாவுக்கு டீச்சரே போன் போட்டார்: "கம்ப்யூட்டரோட இன்னும் ஒழுங்கா சேரல. ஒரு வாரம் போகட்டும்."

செவ்வாய்க்கிழமை லேப்டாப்பையும் ஒரு ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஹாலுக்குப் போனார்கள். டான்ஸ் மிஸ் ஓடி வந்து டீச்சரின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். இந்த மூன்று மாதமும் எங்கேயோ கிடைத்த பாட்டுகளைப் போட்டுத்தான் வகுப்பை ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஆண்டுவிழாவுக்கும் அப்படியே போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாராம். "உங்க கை கேட்டு எவ்வளவு நாளாச்சு டீச்சர்! போடுங்க, போடுங்க."

பதிவை ஓடவிட்டார்கள். பன்னிரண்டு பிள்ளைகள். முதல் சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில் முன்பல் விழுந்த ஒரு பொடிசு திசை மாறித் திரும்பி, பக்கத்துப் பிள்ளைமேல் இடித்துக்கொண்டு நின்றது. பாட்டு நிற்கவில்லை. அது சரியாகி வருவதற்குள் பாட்டு எங்கேயோ போய்விட்டது. அதைப் பிடிக்க ஓடி இன்னும் இரண்டு பேர் குழம்பினார்கள். கடைசியில் எல்லோரும் நின்று ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். அது மட்டும் ஜோராகப் பாடி முடித்தது.

"பரவால்ல, இன்னொரு தடவை போடலாம்," என்றார் டான்ஸ் மிஸ்.

"வேணாம்," என்றார் டீச்சர். "மூடிடுங்க."

வீடு வந்து சேர்ந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட இவர் குனிந்தபோது டீச்சர் சொன்னார்.

"எனக்குன்னா அவ நிக்கிறது தெரியும். நானும் நிப்பேன். பியானோ வாசிக்கிறதுன்னா கட்டையைப் பாக்குறது இல்லைங்க. காலைப் பாக்குறது. எப்போ அடிக்கணும்னு அந்தக் கால் சொல்லும். இதுக்கு அது தெரியாது."

"ம்."

"ஞாயித்துக்கிழமை அவங்களை வந்து எடுத்துக்கச் சொல்லிடுங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

அன்று மதியம் மோட்டார்க்காரர் ஒரு பெரிய மோட்டாரைச் சோதித்துக்கொண்டிருந்தார். மூன்று ஆள் தூக்குகிற கனம். சுவரில் ஒரு பெட்டி, அதில் விரல்நுனி அளவுக்கு ஒரு பச்சைப் பொத்தான். பொத்தானைத் தொட்டார். பெட்டிக்குள் டக் என்றது. மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. நிறுத்தினார். மறுபடி தொட்டார். டக். அந்த விரல்நுனிக்கும் மோட்டாரின் பலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. விரல் 'இப்போ' என்று சொல்கிறது, அவ்வளவுதான். மற்றதைப் பெட்டி பார்த்துக்கொள்கிறது.

நாலு தடவை டக் டக் என்று அடித்துப் பார்த்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஒயர்த் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார்.

தம்பி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இவர் வாசலில் நின்றபடியே கேட்டார். "வலது கைப்பாட்டு எல்லாம் வரிசையா கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? அதைத் தானா ஓடவிடாம, ஒரு தட்டு தட்டினா ஒண்ணு, இன்னொரு தட்டு தட்டினா அடுத்ததுன்னு விட முடியுமா?"

"எதைத் தட்டினா?"

"எதையாவது. பொத்தான், கதவு, எதையாவது. அவளுக்குக் கை தூக்க வரும், இறக்க வரும். அவ்வளவுதான் வரும்."

தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.  பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ரப்பர் பேடை இழுத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலம், கறுப்பு. "எலக்ட்ரானிக் டிரம்மோடது அண்ணே. இதுக்கும் ஒயர் உண்டு, இதுவும் அதே பாஷைதான் பேசும். எப்போ தட்டினாங்க, எவ்வளவு பலமா தட்டினாங்கன்னு சொல்லும். எந்தக் கட்டைங்கிறதை மட்டும் கம்ப்யூட்டர் போட்டுக்கட்டும்."

"நடக்குமா?"

"நடக்க வைப்போம்."

உடனே நடக்கவில்லை. புதன் காலையிலிருந்தே தம்பி லேப்டாப்போடு மல்லுக்கட்டினார். முதலில் பேடைத் தட்டினால் டிரம் சத்தம்தான் வந்தது. பிறகு பாட்டு மொத்தமும் ஒரே தட்டில் கொட்டியது. மதியம் தாண்டித்தான் ஒரு தட்டுக்கு ஒரு சத்தம் என்று அடங்கியது. பேடைப் பியானோவின் வலது ஓரத்தில், டீச்சரின் மடி உயரத்துக்கு, ஒரு மரச்சட்டத்தில் மோட்டார்க்காரர் திருகி நிறுத்தினார்.

"எனக்கு வேணாம்," என்றார் டீச்சர். "கல்லுடைக்கிற மாதிரி முஷ்டியால அடிச்சுக்கிட்டு… எதுக்கு?"

"ஒரே ஒரு தட்டு அண்ணி. எனக்காக."

டீச்சர் வலது கையைத் தோளிலிருந்து தூக்கினார். நடுங்கிக்கொண்டே எழுந்து, கனத்தோடு விழுந்தது. பியானோ அலறியது, ஒன்றுக்கு இரண்டாக. கை நடுங்கினதில் முஷ்டி இரண்டு தடவை பட்டுவிட்டது.

"பாத்தீங்களா?" என்று எழப்போனார்.

"இருங்க, இருங்க. பேட் ரொம்ப உஷாரா இருக்கு. ஒரு தட்டு விழுந்ததும் கண்ணிமைக்கிற நேரம் அது காதைப் பொத்திக்கணும்." தம்பி ஏதோ எண்ணை மாற்றினார். "மறுபடி."

இந்தத் தடவை ஒன்று. இன்னொன்று. மூன்றாவது. பாட்டின் முதல் மூன்று சத்தங்கள், மூன்றும் ஒரே முரட்டுத்தனமாக. டீச்சர் பேடைப் பார்த்தார். பிறகு கையைக் கொஞ்சமாக, இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி, தூங்குகிற குழந்தைமேல் வைக்கிற மாதிரி வைத்தார். நாலாவது சத்தம் மெல்ல, பஞ்சு மாதிரி வந்தது.



"மெதுவா வெச்சா மெதுவா வருது," என்றார் டீச்சர்.

"ஆமா," என்றார் மோட்டார்க்காரர்.

"இது கம்ப்யூட்டர் பண்றதா?"

"கம்ப்யூட்டருக்கு மெதுவாங்கிறதே நீ சொல்லித்தான் தெரியும். எந்தக் கட்டைன்னு மட்டும் அது எடுத்துக் குடுக்குது. எப்போ, எவ்வளவுங்கிறது உன் கை."

டீச்சர் முஷ்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெருவில் ரொம்ப நாள் காணாமல் போயிருந்த ஒருத்தரை எதிரே பார்த்த மாதிரி பார்த்தார். அப்புறம் இடது கையைக் கட்டைகள்மேல் வைத்து, "தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும். வெளிச்சத்தை மறைக்கிறீங்க," என்றார்.

வியாழன் காலை, இன்னும் விடாமல் வந்துபோய்க்கொண்டிருந்த பயிற்சிப் பெண் வந்தபோது டீச்சர் பேடைத் தட்டிக்கொண்டிருந்தார். குவளைகளைப் பையிலிருந்து எடுக்காமலே அந்தப் பெண் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னைக்கு எண்ணிக்கை நானூறு தாண்டியிருக்கும். தோள் வலிச்சா நிறுத்திடுங்க," என்று மட்டும் சொன்னார். டீச்சர் நிறுத்தவில்லை.

சங்கடங்களும் இருந்தன. ஒரு தட்டு தப்பி அதிகமாக விழுந்தால் அதற்கப்புறம் எல்லாமே ஒன்று முந்திக்கொண்டு போய், பாட்டு பைத்தியம் பிடித்த மாதிரி ஆகும். "பஸ்ஸுல தப்பான நிறுத்தத்துல இறங்கின மாதிரி இருக்கு," என்றார் டீச்சர். அதற்கும் தம்பி வழி கண்டுபிடித்தார். இடது கோடியில் கடைசிக் கட்டை இந்தப் பாட்டுக்குத் தேவைப்படாது; அதைத் தொட்டால் ஒரு அடி பின்னால் வரும். டீச்சர் இடது கைச் சுண்டுவிரலால் அதைத் தொட்டுத் தொட்டுப் பழகினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பழைய நாளில் மாதிரியே, "இதோ, இந்த ஒரு அடி," என்று பதில் வந்தது. அதைக் கேட்பதற்காகவே மூன்றாவது தடவையும் கூப்பிட்டார் மோட்டார்க்காரர்.

சாப்பிடும்போது கேட்டார். "அந்தம்மாவுக்கு என்ன சொல்ல?"

"எந்தம்மா?"

"ஞாயித்துக்கிழமை."

டீச்சர் சோற்றை இடது கையால் கிளறினார். "பாப்பாவை சனிக்கிழமை பத்து மணிக்குப் பாடத்துக்கு அனுப்பச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் என்ன சொல்லிக்குடுத்துடும் அவளுக்கு? மணிக்கட்டைத் தூக்கவே மாட்டா அவ."

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பேடைத் துண்டில் சுற்றி, மூன்று பேரும் வண்டி பிடித்து ஹாலுக்குப் போனார்கள். தரையெல்லாம் சின்னச் சின்ன ஈரக் காலடிகள். ஜன்னல் கம்பியில் குடைகள் தொங்கின. அங்கிருந்த பழைய பியானோவில் சதுர ஓட்டை கிடையாது. வட்டமாக இரண்டு ஓட்டைகள்தான், உள்ளே அஞ்சு அஞ்சு பொடி ஓட்டைகளோடு. தம்பி லேப்டாப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு குட்டிப் பெட்டியை வைத்து இரண்டு ஒயர் இழுத்தார். டீச்சர் உட்கார்ந்து தட்டினார். சத்தமே இல்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிக்கு வேர்த்துவிட்டது. மோட்டார்க்காரர் குனிந்து அந்த ஓட்டைகளுக்கு மேலே எழுதியிருந்ததைப் படித்தார். "தம்பி, இதுல வெளியன்னு போட்டிருக்கு, பெட்டியிலயும் வெளியதான் மாட்டியிருக்கே. ரெண்டு பேரும் வாயை வாயோட வெச்சுக்கிட்டா யாரு கேக்குறது? வாயைக் காதுக்கு மாத்து."

மாற்றினார். சத்தம் வந்தது. டான்ஸ் மிஸ் கை தட்டினார்.

"வரிசை," என்றார் டான்ஸ் மிஸ். பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். டீச்சரின் முஷ்டியும் எழுந்தது. டீச்சர் கட்டைகளைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஜோடிக் கால்களைப் பார்த்தார். அவை எழும்பின நொடியில் கை விழுந்தது.

இரண்டாவது சுற்றில் அந்த முன்பல் இல்லாத பொடிசு மறுபடி திசை மாறி நின்றது. டீச்சரின் முஷ்டி காற்றில் அப்படியே நின்றது. இடது கை ஒரே சத்தத்தை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது. பொடிசு காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, தன் இடத்துக்கு வந்து காலைத் தூக்கியது. அது தூக்கவும் கை விழவும் சரியாக இருந்தது. தான் நின்றதே அந்தக் குழந்தைக்குத் தெரியாது. மற்றவர்களுக்கும் தெரியவில்லை. டான்ஸ் மிஸ் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

அடுத்தது அதே பாட்டுக்கு வட்டமாக ஓடுகிற ஆட்டம். பாதியில் ஒரு பிள்ளையின் கால் ஒயரில் மாட்டி இழுத்துவிட்டது. டீச்சரின் முஷ்டி விழுந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி விழுந்தது. இல்லை. டீச்சர் நிறுத்தவில்லை. வலது கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, இடது கையால் அதே நாலு அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்க ஆரம்பித்தார், வலது கை விட்ட இடத்திலேயே வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. வட்டத்தை விடாமல் இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று ஓடினார்கள்.

"பேடோட ஒயர் அண்ணே, கீழ!" என்று தம்பி லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

மோட்டார்க்காரர் மண்டிபோட்டுப் பியானோவுக்கு அடியில் நுழைந்தார். தூசும் ஈரமும் சேர்ந்து வாசனை அடித்தது. ஒயரின் முனை பெடலுக்குப் பின்னால் கிடந்தது. எட்டி எடுத்தார். சொருகுவதற்காகத் தலையைத் திருப்பியபோது டீச்சரின் கால்கள் முகத்துக்கு நேராக இருந்தன. இடது கால் ஊன்றி நின்றது. வலது கால், தினமும் காலையில் இவர் கையால் செருப்புக்குள் திணித்துவிடுகிற அந்தக் கால், முன்பாதம் மட்டும் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். எழுந்தது. இறங்கியது. மேலே இடது கை போகிற கணக்குக்குச் சரியாக.

"ஏங்க, ஒயர் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சிருச்சு."

"அப்ப மாட்டுங்களேன்! பசங்க எத்தனை தடவைதான் சுத்துவாங்க?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால் அவள் குனிந்து பார்ப்பாள், பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே மண்டிபோட்டிருந்தார். தலைக்கு மேலே பலகை அதிர்ந்தது. சுற்றிலும் சின்னக் கால்கள் தடதடவென்று ஓடின.

"என்னதான் பண்றீங்க கீழ?"

"இன்னும் ஒரு நாலு அடி வாசி," என்றார். "நல்லா இருக்கு."